ரத்தக் குழாயில் எலும்பு முளைக்குமா?

செல்லங்களே, இன்றைக்கு ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். நம் உடம்பில் எலும்பு எங்கெங்கே இருக்கிறது?

"கையில், காலில், முதுகில், மண்டையில்" என்று மளமளவென்று சொல்லிவிடுவீர்கள். கெட்டிக்காரர்கள்தான்! சரி, இப்போது இதற்குப் பதில் சொல்லுங்கள் பார்ப்போம். ரத்தக் குழாயில் எலும்பு முளைக்குமா?

சிரிக்காதீர்கள். கிட்டத்தட்ட அப்படி ஒன்று நடக்கத்தான் செய்கிறது. எலும்பில் இருக்கும் அதே சுண்ணாம்புச் சத்து ரத்தக் குழாயின் சுவரிலும் போய்ப் படியும். குழாய் விறைத்துப் போகும். வயதானவர்கள் பலருக்கு இது உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கோ சீக்கிரமே வந்துவிடும், அதிகமாகவும் வரும்.

இது நேற்று முளைத்த தொல்லை இல்லை. 1991-இல் ஆஸ்திரியா, இத்தாலி எல்லையில், ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. அவர் வாழ்ந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு ஓட்சி என்று பேர் வைத்தார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், அவருடைய ரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்பு! அத்தனை காலம் பனியில் கிடந்தும் அது அழியவில்லை.

குழாய் விறைத்தால் என்ன கெட்டுப்போகும் என்கிறீர்களா? நல்ல கேள்வி. உங்கள் கையிலேயே பதில் இருக்கிறது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, இன்னொரு கையின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக மெல்ல வையுங்கள். துடிக்கிறதா? அதுதான் தமனி. இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும் தமனி கொஞ்சம் விரிந்து, பிறகு சுருங்குகிறது. அந்த விரிவைத்தான் உங்கள் விரல் தொட்டுப் பார்க்கிறது.

ஒரு நாளைக்கு இதயம் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. அத்தனை தடவையும் தமனிகள் வளைந்து கொடுக்கின்றன. சுண்ணாம்பு படிந்த தமனியால் அப்படி வளைந்து கொடுக்க முடியாது. அப்போது இதயம் கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டும். நாளாக நாளாக இதயம் களைத்துவிடும். புரிகிறதா? அப்படியானால் மேலே போவோம்.

ஒரு பெரியவரின் உடம்பில் சுமார் 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். எலும்பு உறுதியாக இருக்கக் கால்சியம் மட்டும் போதாது. பாஸ்பேட் என்ற இன்னொன்றும் வேண்டும். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து நுண்ணிய படிகங்களாகின்றன. அந்தப் படிகங்கள்தான் எலும்புக்கு உறுதி தருகின்றன.

இப்போது ஒரு புதிர். மிச்சமிருக்கும் கொஞ்சம் கால்சியம் ரத்தத்தில் ஓடுகிறது. பாஸ்பேட்டும் ரத்தத்தில் ஓடுகிறது. எலும்பைக் கட்டும் இரண்டு பொருளும் ஒரே இடத்தில், ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடுகின்றன. பிறகு ஏன் ரத்தம் கல்லாகவில்லை?

ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள். விஞ்ஞானிகளையே வெகுநாள் யோசிக்க வைத்த கேள்வி இது.

விடை உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. குலாப் ஜாமூனுக்கு அம்மாவோ பாட்டியோ சர்க்கரைப் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கொதிக்க விடுவார்கள். பாகு பிசுபிசு என்று வந்ததும் இறக்கி வைப்பார்கள். சில நேரம், ஆறியதும் பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கட்டியிருக்கும். "ஐயோ, பாகு பூத்துப்போச்சே!" என்பார்கள். கரைந்திருந்த சர்க்கரை மறுபடியும் படிகமாகிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள்.

அப்படி ஆகாமல் இருக்கப் பாட்டி என்ன செய்வார்? கொதிக்கும்போதே சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார். அவ்வளவுதான். பாகு பூக்காது. எலுமிச்சையின் புளிப்பு, சர்க்கரையில் ஒரு பங்கை வேறு இரண்டு வகைச் சர்க்கரைகளாக உடைத்துவிடுகிறது. அவை நடுவில் புகுந்து நிற்பதால், மற்ற சர்க்கரைத் துகள்கள் வரிசையாக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. வரிசை அமையாவிட்டால் படிகம் ஏது?

ரத்தத்திலும் இப்படி நடுவில் புகுந்து படிகத்தைத் தடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரல் செய்து அனுப்பும் ஃபெட்டுயின் என்ற புரதம் அதில் ஒருவர். இன்னொருவர்தான் இன்றைய கதாநாயகர். பெயர் மெக்னீசியம்.

அட, மெக்னீசியமா என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்களா? பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆசிரியர் மெக்னீசிய நாடாவைக் கொளுத்திக் காட்டியிருப்பார். கண் கூசும் வெள்ளை ஒளி! அதே மெக்னீசியம்தான். ஆனால் உடம்பில் அது எரிவதில்லை. ரத்தத்தில் அமைதியாகக் கரைந்து கிடக்கிறது.

மெக்னீசியத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1618-இல் இங்கிலாந்தின் எப்சம் என்ற ஊரில், தாகத்தோடு வந்த மாடுகள் ஒரு குட்டைத் தண்ணீரைக் குடிக்க மறுத்தன என்று சொல்வார்கள். அந்தத் தண்ணீர் அவ்வளவு கசப்பு. அந்தக் கசப்புக்குக் காரணம் ஒரு மெக்னீசிய உப்பு. இன்றும் அதை எப்சம் உப்பு என்றுதான் கடையில் கேட்டு வாங்குகிறோம். பிறகு 1808-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி மின்சாரத்தைக் கொண்டு மெக்னீசியத்தை ஒரு தனி உலோகமாகப் பிரித்துக் காட்டினார்.

இலை ஏன் பச்சையாக இருக்கிறது? பச்சையம் இருப்பதால். அந்தப் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நட்டநடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. கீரை சாப்பிட்டால் மெக்னீசியம் கிடைப்பது இதனால்தான். வேர்க்கடலை, முந்திரி, பயறு, கேழ்வரகு ஆகியவற்றிலும் மெக்னீசியம் நிறைய உண்டு.

பெரியவர் ஒருவரின் உடம்பில் மொத்தம் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கும். பாதிக்கு மேல் எலும்பில். மிச்சத்தில் பெரும்பங்கு தசையிலும் மற்ற உறுப்புகளிலும். ரத்தத்தில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. அளவு சின்னதுதான். ஆனாலும் உடம்பின் 300-க்கும் மேற்பட்ட நொதிகளுக்கு மெக்னீசியம் துணை வேண்டும்.

சரி, கால்சியத்தை அது எப்படித் தடுக்கிறது? தனிம வரிசை அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மெக்னீசியத்துக்கு நேர் கீழே கால்சியம் இருக்கும். இரண்டுக்கும் குணத்தில் ஒற்றுமை உண்டு. அதனால் கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் மெக்னீசியம் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மெக்னீசியம் அளவில் சின்னது. தன்னைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகளை வேறு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்கு அது சரியாகப் பொருந்தாது. வரிசை குலையும். படிகம் வளராமல் தடுமாறும்.

இதுவரை வந்துவிட்டோமா? ஒரு தடவை திரும்பிப் பார்ப்போம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் படிகம். எலும்பில் அது நல்லது, ரத்தக் குழாயில் அது கெட்டது. மெக்னீசியம் அந்தப் படிகத்தைத் தாமதப்படுத்தும். சபாஷ்! இப்போது சிறுநீரகத்துக்குப் போவோம்.

முதுகின் கீழ்ப்பக்கம், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், உங்கள் கைமுஷ்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். நெஃப்ரான் என்பது மிக நுண்ணிய வடிகட்டி. ஒரு நாளில் இந்த வடிகட்டிகள் வழியாக இறங்குவது சுமார் 180 லிட்டர் திரவம். அதில் வேண்டியதையெல்லாம் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் வெளியே போகும் சிறுநீர் சுமார் ஒன்றரை லிட்டர்தான்.

மெக்னீசியத்தையும் சிறுநீரகம் இப்படித்தான் கணக்குப் பார்த்துப் பாதுகாக்கிறது. தினமும் சுமார் 2,400 மில்லிகிராம் மெக்னீசியம் வடிகட்டப்படுகிறது. வெளியே விடுவதோ சுமார் 100 மில்லிகிராம். மிச்சமெல்லாம் உள்ளேயே திரும்பிவிடும். பாஸ்பேட் அதிகமாக இருந்தால், அதையும் சிறுநீரகம்தான் வெளியே தள்ளுகிறது.

இப்போது அந்தச் சிறுநீரகமே பழுதாகிவிட்டால்? நீண்டகாலச் சர்க்கரை நோயாலும், உயர் ரத்த அழுத்தத்தாலும் நெஃப்ரான்கள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும். இந்தப் பழுது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். தொடக்கத்தில் வலியே இருக்காது. ஆள் நன்றாகத்தான் நடமாடுவார். நோய் முற்றியபின் ரத்தத்தில் பாஸ்பேட் தேங்க ஆரம்பிக்கும்.

இங்கேதான் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. தமனியின் சுவரில் தசைச் செல்கள் இருக்கின்றன. விரிவதும் சுருங்குவதும் அவற்றின் வேலை. பாஸ்பேட் மிகுந்துவிட்டால், இந்தச் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொண்டு தம் குணத்தையே மாற்றிக்கொள்கின்றன. தசைச் செல் மெல்ல மெல்ல எலும்பு கட்டும் செல்லின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது! தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சேர்க்கிறது. சில தமனிகளில் இருப்பது வெறும் சுண்ணாம்பு அல்ல, எலும்பைப் போலவே உருவான ஒன்று என்று ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோ 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். தலைப்பில் நான் கேட்ட கேள்வி வேடிக்கைக்காக இல்லை என்பது இப்போது தெரிகிறதல்லவா?

"அப்படியானால் இனிமேல் பால் குடிக்கக் கூடாதா?" என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. தாராளமாகக் குடியுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு கட்டக் கால்சியமும் பாஸ்பேட்டும் அவசியம். நல்ல சிறுநீரகம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வம்பு வருவது சிறுநீரகம் தளர்ந்த பிறகுதான்.

மெக்னீசியம் இந்த வம்பைத் தடுக்குமா? பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் சிகிச்சை பெறும் நோயாளிகளை மருத்துவர்கள் கவனித்தார்கள். ரத்தத்தில் மெக்னீசியம் குறைவாக இருந்தவர்களுக்குத் தமனியில் சுண்ணாம்பு கூடுதலாக இருந்தது. உடனே "ஆஹா, மருந்து கிடைத்துவிட்டது!" என்று துள்ளிக் குதிக்கலாமா?

கூடாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவது வேறு. ஒன்றினால் மற்றொன்று நடப்பது வேறு. ஒருவேளை, உடல்நிலை மோசமானவர் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கலாம். அதனால் மெக்னீசியம் குறைந்திருக்கலாம். சுண்ணாம்பு படிய வேறு காரணம் இருந்திருக்கலாம். ஆகவே சோதித்துத்தான் பார்க்க வேண்டும். விஞ்ஞானிகள் படிப்படியாகச் சோதித்தார்கள். ஒவ்வொரு படியாக நாமும் ஏறிப் பார்ப்போம், வாருங்கள்.

முதல் படி, கண்ணாடித் தட்டு. தமனியின் தசைச் செல்களைத் தட்டில் வளர்த்து, பாஸ்பேட்டை அதிகமாக ஊற்றினார்கள். சுண்ணாம்பு படிந்தது. மெக்னீசியத்தையும் சேர்த்து ஊற்றினார்கள். சுண்ணாம்பு குறைந்தது! செல்கள் எலும்புச் செல்லாக மாறுவதும் குறைந்தது. ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், புரதம் மூன்றும் சேர்ந்து முதலில் மெத்தென்ற நுண்ணிய உருண்டைகளாகின்றன. பிறகு அவை கூரான படிகங்களாக மாறுகின்றன. கெடுதல் செய்வது இந்தக் கூரான படிகங்கள்தான். உருண்டை படிகமாகும் நேரத்தை மெக்னீசியம் தள்ளிப்போட்டது.

இரண்டாம் படி, எலி. சிறுநீரகம் தளர்ந்த எலிகளுக்கு மெக்னீசியம் மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள். 2017-இல் முடிவு வெளியானது. அந்த எலிகளின் தமனிகளில் சுண்ணாம்பு குறைவாகவே படிந்தது.

மூன்றாம் படி, மனிதர். ஜப்பானில் ஓர் ஆய்வுக் குழு, நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு மெக்னீசியம் ஆக்சைடு கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்குக் கொடுக்கவில்லை. இதயத் தமனிகளைச் சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்குச் சுண்ணாம்பு வளரும் வேகம் குறைந்திருந்தது. இந்த முடிவு 2019-இல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி!

ஆனால் இந்தச் சோதனையில் யார் மெக்னீசியம் சாப்பிடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? சாப்பிடுபவர் தம்மையறியாமல் மற்ற விஷயங்களிலும் கூடுதல் கவனமாக இருக்கலாம். பார்க்கிறவர் கண்ணிலும் கொஞ்சம் ஆசை புகுந்துவிடலாம். அதனால் இன்னும் கண்டிப்பான சோதனை ஒன்று தேவைப்பட்டது.

அது டென்மார்க்கிலும் நார்வேயிலும் நடந்தது. 148 நோயாளிகள். பாதிப் பேருக்கு மெக்னீசிய மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். மெக்னீசியம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் மெக்னீசியம் ஏறியிருந்தது. ஆனால் தமனிச் சுண்ணாம்பு வளர்ந்த வேகம் குறையவில்லை! 2023-இல் இந்த முடிவை அப்படியே வெளியிட்டார்கள்.

ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கும்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். தட்டில் இருப்பது ஒரே வகைச் செல். எலிக்கு வாழ்நாளே சில வருடம்தான். மனிதரின் தமனியிலோ பல வருடச் சுண்ணாம்பு ஏற்கெனவே படிந்திருக்கிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வயது எல்லாம் சேர்ந்து நிற்கின்றன. தட்டில் ஜெயித்த மருந்து மனிதரிடம் தோற்பது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதுதான். ஆசைப்பட்ட விடை கிடைக்காதபோதும் உண்மையை மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அதுதான் அறிவியல்.

ஆக, இன்றைய நிலை இதுதான். மெக்னீசியம் சுண்ணாம்புப் படிகத்தைத் தாமதப்படுத்துகிறது என்பது ஆய்வகத்தில் உறுதி. மெக்னீசிய மாத்திரை சிறுநீரக நோயாளியின் தமனியைக் காப்பாற்றும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டதென்றால், நீங்கள் பாதி விஞ்ஞானி ஆகிவிட்டீர்கள்!

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பாகில் எலுமிச்சை கூடிப்போனால் புளிக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் மெக்னீசியம் கூடிப்போனால் அப்படியில்லை. தசை தளரும், ரத்த அழுத்தம் இறங்கும், இதயத் துடிப்பே தடுமாறும். நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. அதனால் "கீரையும் கடலையும் நல்லதாமே, மெக்னீசிய மாத்திரை நல்லதாமே" என்று சிறுநீரக நோயுள்ள தாத்தாவுக்கு நீங்களாக எதையும் கொடுத்துவிடாதீர்கள். கீரையிலும் கடலையிலும் பொட்டாசியமும் இருக்கிறது. கடலையில் பாஸ்பேட்டும் சேர்த்தி. எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? கீரை, பயறு, கேழ்வரகு, கடலை என்று கலந்து சாப்பிடுங்கள். மெக்னீசியம் தானாக வந்து சேரும். உப்பைக் குறையுங்கள். கோலா பானங்களிலும் பாக்கெட் தீனிகள் பலவற்றிலும் பாஸ்பேட் சேர்க்கிறார்கள், அவற்றையும் குறையுங்கள். தாகம் எடுத்தால் தண்ணீர் குடியுங்கள். வலி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் விழுங்காதீர்கள். சில வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை உலகச் சிறுநீரக நாள். அதுவரை காத்திருக்கக்கூட வேண்டாம். உங்கள் வீட்டில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ள பெரியவர்கள் இருந்தால், இன்றைக்கே போய்க் கேளுங்கள்: "இந்த வருஷம் யூரின் டெஸ்ட் எடுத்தாச்சா? கிரியேட்டினின் பார்த்தாச்சா?" கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு; ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார்கள். இரண்டும் எளிய பரிசோதனைகள். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்தால், வலி தெரியாமல் வளரும் சிறுநீரக நோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். நீங்கள் கேட்டால் வீட்டில் யாரும் தட்ட மாட்டார்கள். கேட்பீர்கள்தானே?